குப்புற விடாத ஜாக்கெட்

புனேயில் கடல் கிடையாது. ஆற்றில் முழங்கால் நனைய வேண்டுமென்றால்கூட மழைக்காலம் வரவேண்டும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் போகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள் என் மருமகள்.

ஹடப்சரில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். ஏழு தையல் மெஷின், ஏழு பெண்கள், கண்ணைக் குத்தும் ஆரஞ்சுத் துணி. நாங்கள் இருந்தது ஊரின் மறுகோடியில், சாங்வியில். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும் என்று காலை ஆறரைக்கே அவள் கிளம்பிவிடுவாள். சப்பாத்தி, அதற்குத் தொட்டுக்கொள்ள பாஜி என்கிற காய்கறிப் பொரியல், பேத்தியின் ஸ்கூல் டப்பா எல்லாம் என் தலையில். இதற்காகவா மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன் என்று பக்கத்து ஃபிளாட் மராட்டிக்காரியிடம் என் இந்தியில் அழுதேன். என் இந்தி அவளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் கூடவே அழுதாள். நல்ல மனுஷி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஷெட் முதலாளி, கோயமுத்தூர்க்காரர், புது மாதிரி ஜாக்கெட் ஒன்று செய்தார். மும்பையிலிருந்து ஆபீசர் வந்து சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் கப்பல்காரர்கள் வாங்குவார்கள். போடாவிட்டால் ஷெட்டை மூடவேண்டியதுதான் என்று மருமகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ, ஷெட் மூடினால் அவள் வீட்டிலிருந்து சுட்டுப்போடும் சூடான சப்பாத்தி கண்ணுக்குத் தெரிந்தது.

சோதனைக்கு ஆள் வேண்டும். தைத்தவர்கள் போடக்கூடாது, அவர்களுக்கு விஷயம் தெரியும். ஜாக்கெட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆட்கள்தான் வேண்டும். நெட்டை, குட்டை, ஒல்லி எல்லாம் கிடைத்துவிட்டது. எதுவும் தெரியாத, எடையுள்ள பெண் ஒருத்திதான் பாக்கி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எதுவும் தெரியாதது ஒரு தகுதி என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். வருகிறீர்களா என்று மருமகள் கேட்டதும் உடனே தலையாட்டினேன். இந்த ஜாக்கெட்டைக் கவிழ்த்துவிடுவது என்று அந்தத் தலையாட்டலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில் சோதனை. புடவையோடு இறங்கக் கூடாது என்றார்கள். மருமகளின் சுடிதாரில் என் ஒரு கால்தான் நுழைந்தது. கடைசியில் மகனின் நைட் பேண்ட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு, ரிட்டயர் ஆன போலீஸ்காரர் மாதிரி நின்றேன். ஆபீசர் என்னைப் பார்த்து, "ஆஜி, காபரூ நகா" என்றார். பயப்படாதீர்கள் பாட்டி என்று அர்த்தம். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. அவருக்கு அதற்குமேல் இருக்கும். ஜாக்கெட்டோடு சேர்த்து அவரையும் பழிவாங்கத் தோன்றியது.

முதலில் தரையில். யாரும் சொல்லித்தராமல் ஒரு நிமிஷத்துக்குள் போட வேண்டும். நான் வேண்டுமென்றே உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டினேன். ஆபீசர் சுற்றிவந்து பார்த்தார், இழுத்துப் பார்த்தார், சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அந்த ஜாக்கெட்டுக்கு உள்ளும் கிடையாது, வெளியும் கிடையாதாம். எப்படிப் போட்டாலும் சரிதானாம். மாட்ட இருந்தது ஒரே பக்கிள். அதைத் தப்பாக மாட்ட நானும் முயன்றேன். டக்கென்று தானே பூட்டிக்கொண்டது.

அடுத்தது தண்ணீர். கப்பலிலிருந்து மயங்கி விழுந்தவன் குப்புறக் கிடந்தால், ஐந்து எண்ணுவதற்குள் ஜாக்கெட் அவனை மல்லாக்கத் திருப்பி மூக்கை வெளியே தூக்கிவிட வேண்டும். பிணம் மாதிரி கிடக்கச் சொன்னார் ஆபீசர். முதலாளி அதை மரியாதையாக, தூங்குவது மாதிரி என்று தமிழில் சொன்னார். எனக்கு நீச்சல் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் தடவை உடம்பை விறைத்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். மூன்று எண்ணுவதற்குள் வானம் தெரிந்தது. இரண்டாவது தடவை தலையை ஆழமாக அமுக்கினேன். மறுபடி வானம். மூன்றாவது தடவை மூச்சைப் பிடித்து, கையால் தண்ணீரை வாரி, காலை உதைத்து, ஜாக்கெட்டோடு மல்லுக்கட்டினேன். தோசையைப் புரட்டுவது போல அது என்னைப் புரட்டிப் போட்டது. வாயிலிருந்த தண்ணீர் மேலே பீய்ச்சியடித்தது. கரையில் நின்ற மருமகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆபீசர் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சும்மா கிடக்கிறவர்களைத் திருப்புவது பெரிய விஷயமில்லை, நிஜமாகவே பயந்து உதறுகிற ஆஜியைத் திருப்பியதுதான் ஜாக்கெட் என்றார். அங்கேயே கையெழுத்தும் போட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மருமகள் ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அத்தை, மூணாவது தடவை கால உதச்சீங்கதானே?"

"பயத்துல உதறிருக்கும்மா."

"உங்களுக்கு நீச்சல் தெரியும்னு உங்க மகன் எப்பவோ சொல்லிட்டாரு."

நான் வெளியே பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, ஆட்டோக்கள்தான்.

"பின்ன எதுக்குடி என்னைக் கூப்பிட்ட?"

"நல்லா வரணும்னு நெனைக்கிறவங்க ஏழு பேரு இருந்தாங்க அத்தை. கெட்டுப் போகணும்னு நெனைக்கிற ஆளு ஒண்ணாவது வேணாமா? முதலாளிகிட்ட நான்தான் சொன்னேன், எங்க அத்தைய விட்டா வேற ஆளு கிடையாதுன்னு."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். மூக்கில் இன்னும் தண்ணீர் இருந்ததால் தும்மல்தான் வந்தது.

மறுநாளும் ஆறரைக்கே கிளம்பினாள். அவள் டப்பாவில் வைத்த பாஜியில் நான் உப்பே போடவில்லை. சாயங்காலம் டப்பா துடைத்த மாதிரி காலியாக வந்தது. ஒரு வாரம் உப்பில்லாமலே அனுப்பிப் பார்த்துவிட்டு, ஷெட்டில் தைக்கும் இன்னொருத்தியிடம் விசாரித்தேன். என்றைக்காவது தேவைப்படும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்திலிருந்தே மெஷின் டிராயரில் ஒரு உப்புப் பொட்டலம் வைத்திருக்கிறாளாம்.