பெரட்டு எடுத்த ராஜா

பிலோமினா டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் கந்தப்பளைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். போனில் அவருடைய மகள், “அண்ணே, ராஜா வராம அம்மாவ எடுக்க மாட்டோம்” என்றாள். அந்த ராஜா நான்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தலவாக்கலைக்குத் திரும்பினேன்.

டீச்சரிடம் சங்கீதம் படித்தவர்களுக்கும், தேவாலயத்தில் அவரோடு பாடியவர்களுக்கும் இந்தக் கதை பாதி தெரியும். மீதியைச் சொல்ல வேண்டியவன் நான்.

பாரிஸில் இருக்கும் தம்பி அனுப்பிய பிரெஞ்சு நகைச்சுவை இசைநாடகம் ஒன்றைத் தமிழில் மேடையேற்ற டீச்சர் ஆசைப்பட்டார். அதிகாரத்தைக் கிண்டல் செய்யும் நாடகம். குடிமக்களைத் தினமும் தலை எண்ணிப் பார்க்காவிட்டால் அதில் வரும் ராஜாவுக்குச் சாப்பாடு இறங்காது. தேயிலைத் தோட்டத்தில் தினமும் ஆள் எண்ணும் கணக்கப்பிள்ளையாக இருந்த எனக்கு ராஜா வேடம். கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் குடிமக்கள். ஒத்திகையில் “ராஜசபை கூடுக” என்று நான் பாடியபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

“காலையில எல்லாரையும் நிக்க வெச்சு எண்ணுறதுக்கு நம்ம தோட்டத்துல என்ன பேரு?” என்று கேட்டார் டீச்சர்.

“பெரட்டுங்க டீச்சர்” என்றார் கொழுந்து பறிக்கும் ராக்கம்மா.

டீச்சர் ராஜசபையை அடித்துவிட்டுப் பெரட்டு என்று எழுதினார். அன்று சிரித்த சிரிப்பில் ஒத்திகையே நின்றுபோனது.

விஷயம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் காதுக்குப் போயிற்று. மண்டபம் தோட்டத்துடையது. “பாடட்டும், நானும் வந்து பார்க்கிறேன்” என்று சொல்லி அனுப்பினார். என் வேலை போனால் தோட்டம் கொடுத்த வீடும் போய்விடும். டீச்சரிடம் போய், “நான் ராஜசபைன்னே பாடிர்றேன்” என்றேன். அவர் கோபப்படவில்லை.

“வீடு உங்களுது, பயமும் உங்களுது. நான் என்ன சொல்ல? சுருதிய மட்டும் விட்டுறாதீங்க.”

மேடையில் ராஜசபை என்று பாடத்தான் வாயைத் திறந்தேன். தினமும் காலையில் கத்திப் பழகிய வாய் “பெரட்டு” என்றது. முன்வரிசையில் இருந்த துரை, தினமும் பெரட்டில் நின்று பார்க்கும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. டீச்சரோ ஆர்மோனியத்தில் ராஜாவின் வருகைக்கான இசையைத் துரைக்காக இன்னொரு முறை வாசித்தார். அவ்வளவு நெஞ்சழுத்தம் அந்த மனுஷிக்கு. துரை உட்கார்ந்தார். பல்லவி மறுபடி வந்தது. டீச்சரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை; கட்டைகளில் விரல் வைத்துக் காத்திருந்தார். “பெரட்டு” என்று முன்னைவிட உரக்கப் பாடினேன்.

மறுவாரம் என்னைப் பெரட்டிலிருந்து எடுத்துத் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். வீடு தப்பியது. ஊர் என்னை வீரன் என்றது. கூச்சம் தாங்காமல் டீச்சரிடம் போய், “வாய் தவறி வந்திருச்சு டீச்சர்” என்று ஒப்புக்கொண்டேன்.

“தெரியும். மொத தடவ வாய் பாடுச்சு. ரெண்டாந்தடவ பாடுனது யாரு?”

சாகும்வரை அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் யாரோ மறுபடி என்னை வீரன் என்றார்கள். முதல் தடவை பாடியது பழக்கம் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். இரண்டாவது தடவை பாடியது நான். அதை எனக்குச் சொல்லித் தெரியவைத்தவர் டீச்சர்.