மைனியாகிப் போன கூட்டுக்காரி

கூடவே வளர்ந்த கூட்டுக்காரி கல்யாணமாகி வெளியூருக்குப் போனால் நாலு நாள் அழுதுவிட்டு எழுந்து முகம் கழுவலாம். நான் என் கூட்டுக்காரியை என் சொந்த வீட்டுக்குள்ளேயே தொலைத்தேன். அதுவும் சும்மா இல்லை, மெனக்கெட்டுத் திட்டம் போட்டுத் தொலைத்தேன். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கே சிரிப்பு வருகிறது.

திருவிதாங்கூரைப் பொன்னுதம்புரான் ஆண்ட காலம். பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகும் வழியில் எங்கள் விளை, வீடும் தென்னந்தோப்புமாக. அடுத்த விளை என் கூட்டுக்காரி வீட்டாருடையது. நடுவில் இடுப்பளவு மண்சுவர். அதைக் கய்யாலை என்போம். எங்கள் இருவரின் படிப்பையும் ஒரே வருடத்தில் நிறுத்தியதால் பகல் முழுக்க அந்தக் கய்யாலைதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். அவள் அயனி மரத்தில் ஏறிப் பழம் பறித்துப் போடுவாள், நான் கீழே பாவாடையை விரித்துப் பிடிப்பேன். மரச்சீனிக் கிழங்கைக் காந்தாரி மிளகாயில் புரட்டித் தின்றுவிட்டு, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுக ஒழுக, இன்னும் மிளகாய் கேட்பாள். என் அம்மை சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடப்பதை அப்படியே நடந்து காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கும்.

எங்களுக்குப் பதினைந்து வயது நடந்தபோது அவளுக்குச் செங்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. செங்கோட்டை எங்கே கிடக்கிறதென்று இருவருக்கும் தெரியாது. மலைக்கு அந்தப் பக்கம் என்றார்கள். கய்யாலைக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் நின்று அழுதோம். என் கல்யாணமோ ஜாதகக் கோளாறினால் தள்ளிப்போயிருந்தது. அவளும் போய்விட்டால் அந்த விளையில் நான் யாரோடு பேசுவது? தென்னை மரத்தோடா?

அழுகையின் நடுவில்தான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது.

“ஏட்டி, நீ எனக்க அண்ணனக் கெட்டிக்க.”

அவள் அழுத கண்ணோடு சிரித்தாள். “ஒனக்க அண்ணனையா? அந்த உம்மணாமூஞ்சியையா?”

“உம்மணாமூஞ்சிதான். ஆனா இஞ்சதான இருக்கான்.”

அண்ணன் நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமஸ்தா. அம்மை அவனுக்கு ஊரெல்லாம் பெண் தேடிக்கொண்டிருந்தாள். கூட்டுக்காரி கண்ணைத் துடைத்துவிட்டு, “செங்கோட்டையவிட இது கொள்ளாம்” என்றாள்.

நாங்கள் தாண்ட வேண்டிய மலை அம்மைதான். அவளைப் பொறுத்தவரை என் கூட்டுக்காரி ஒரு மரங்கேறி. அந்தப் பெயரை மாற்றாமல் காரியம் நடக்காது. கய்யாலைமேல் உட்கார்ந்து, ஒரு நல்ல மருமகளுக்கு என்னென்ன குணம் வேண்டுமோ அத்தனையையும் நாங்களே சமைத்தோம்.

“கோழி கூவதுக்கு முன்ன எழும்புவான்னு சொல்லு” என்றாள் அவள்.

“ஏட்டி, நம்புகது மாதிரி ஏதாம் சொல்லு.”

“எதுத்து ஒரு வாக்கு பேசமாட்டான்னு சொல்லு.”

“அது அதவிடப் பொய்யாக்கும்.”

ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மை காய் நறுக்கும்போது சொன்னேன், தலை ஆற்றும்போது சொன்னேன். “அந்தப் பிள்ள ஆளே மாறிப்போனா அம்மை. இப்பம் மரத்தக் கண்டா கும்பிட்டுட்டுப் போறா.” அவளும் தன் பங்குக்கு எங்கள் முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டே நடந்து, கல்லில் இடறி விழுந்தாள். “என்ன அடக்கம்!” என்று அம்மை உருகிப்போனாள். ஜாதகமும் பொருந்தியது, செங்கோட்டைச் சம்பந்தம் ஒழிந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட எனக்குத்தான் சந்தோஷம். சக்கைப் பிரதமன் பாயசத்தை வயிறு முட்டக் குடித்துவிட்டு, மணவறையில் இருந்தவள் காதில் போய், “இனி கய்யாலையே கிடையாது மக்கா” என்றேன். அவள் என் கையைக் கிள்ளினாள்.

மறுநாள் விடியற்காலையில் அடுக்களைக்கு ஓடினேன். அவள் எனக்கு முன்பே எழுந்து குளித்து அடுப்பு மூட்டியிருந்தாள். “வாட்டி, குளத்துக்குப் போவோம்” என்றேன்.

அடுக்களையில் நின்ற அம்மை திரும்பினாள். “என்னது, வாட்டி போட்டின்னு? அண்ணனுக்க பொண்டாட்டிய மைனின்னு விளி!”

நான் கூட்டுக்காரியைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவள் சிரிக்கவில்லை. “நீங்க போங்க. எனக்கு வேலை உண்டு” என்றாள்.

நீங்க! என்னை! எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

அதற்குப் பிறகு அவள் மரம் ஏறவில்லை, எதிர்த்துப் பேசவில்லை, காந்தாரி மிளகாய்கூடக் கேட்டு வாங்கவில்லை. “எனக்க மருமவளப் பாத்துப் படி” என்று அம்மை பொழுதுக்கும் என்னைக் குத்தினாள். பூசைக்கு வைத்திருந்த பழத்தில் ஒன்றை நான் தின்றதை மைனியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். சாயங்காலம் அண்ணன், “பழம் நல்ல ருசியா?” என்று கேட்கிறான்! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்பது இதுதான். கய்யாலையில் தனியாகப் போய் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். செங்கோட்டைக்கே போயிருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை பிறந்த வீட்டுக்கு வரும்போதாவது அவள் அவளாக வந்திருப்பாள்.

இந்த மைனியைப் பற்றி யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது. ஆனால் நான் எதையும் கொட்டித் தீர்ப்பது எப்போதும் அவளிடம்தானே!

சரி, அவளிடமே போனேன். உச்சி நேரம், அம்மை உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் புறவாசலில் சுளவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க வீட்டுக்கு ஒரு மைனி வந்திருக்கா” என்றேன்.

சுளவு நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அப்படியா? ஆளு எப்படி?”

“நாசமாப்போன நடிப்புக்காரி. எனக்க கூட்டுக்காரிய முழுசா முழுங்கிட்டா.”

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் ஒரு நாத்தினா உண்டு மக்கா. சவம், இல்லாத குணமெல்லாம் எனக்கு உண்டுன்னு மாமிகிட்டப் பறஞ்சு வச்சிருக்கா. அதையெல்லாம் ஒவ்வொண்ணாட்டு செய்து எனக்க இடுப்பு ஒடியுது!”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு என்னைவிட. அரிசி சிதற, என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். அப்பாடா, வந்துவிட்டாள் என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

உள்ளேயிருந்து அம்மையின் குரல் வந்தது. “யாருட்டி அது, உச்சைக்கு இப்படிக் கெக்கெக்கேன்னு?”

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் போய்விட்டது. “ஒங்க மவதான் மாமி. நான் அரிசி பொடச்சிட்டு இருக்கேன்.”

அம்மை எழுந்து வந்து திட்டிய திட்டு முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் மைனி நிமிராமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.