தொலைந்த தூக்கமும் அம்மன் தந்த வெள்ளிக்கிழமையும்

அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தேதி 11.9.1951, செவ்வாய்க்கிழமை. ‘இருதயத்தில் கோளாறு இல்லை. மனக்களைப்பு. வாரம் ஒரு மாலை வந்து பேசவும்’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். படித்ததும் பயம்தான் கூடியது. கோளாறில்லாத நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

1948இல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தபின், புதுக்கோட்டையில் எங்கள் அலுவலகத்தில் பழைய நிலப் பதிவுகளைப் புது முறைக்கு மாற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்றாம் ஆண்டில் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. பேனா பிடித்தால் நெஞ்சு படபடத்தது. ஆவணியில் ஒரு நாள் அலுவலக மாடிப்படியில் மயங்கி விழுந்தேன். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். நான் போய்விட்டால் அவர்களுக்கு யார்?

“நெஞ்சு நல்லாத்தான் இருக்குங்க. நீங்கதான் அதுக்கு ஓய்வே குடுக்க மாட்டேங்கிறீங்க. வந்து ஒக்காந்து பேசுங்க, மூச்சை நிதானமா விடப் பழகுங்க” என்றார் டாக்டர்.

வாரம் ஒரு மாலை டாக்டரிடம் போய்ப் பேசிவர மேலதிகாரியிடம் அனுமதி கேட்டேன்.

“பேசுறதுக்கு பெர்மிஷனா? ஒம்ம வாய்க்கு இங்க யாருய்யா பூட்டுப் போட்டா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த செவ்வாய் போக முடியவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் அப்படியே. படபடப்பு கூடிக்கொண்டே போனது.

எதையாவது தொலைத்தவர்கள் திருக்கோகர்ணம் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். என் மனைவி சிவகாமி சொன்னாள்: “ஏங்க, மூக்குத்தி தொலைஞ்சா கேக்குறோம், மாடு தொலைஞ்சா கேக்குறோம். தூக்கம் தொலைஞ்சா கேக்கக் கூடாதா? நேந்துகிட்டேன். வெள்ளிக்கெழமதோறும் நீங்களே வந்து கும்புடணும்.”

“நேரம் எங்கடி இருக்கு?”

“அதையும் அவகிட்டயே கேளுங்க.”

கேட்டேன். ‘தாயே, பிழைத்துக் கிடக்க வாரம் ஒரு மாலைப்பொழுது கொடு.’ வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 28, வெள்ளி. மறுபடி அதிகாரி முன் நின்றேன். பொய் சொல்லவில்லை. அம்மன் கோயிலுக்கு நேர்த்தி, அப்படியே டாக்டரிடமும் போக வேண்டும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அரைக்காசு அம்மனுக்கா? தொலைஞ்சது கெடைக்குமாய்யா?”

“கெடைக்கும்னு நம்பித்தான் போறேங்க ஐயா.”

பேனாவை மறுபடி எடுத்து அனுமதி எழுதினார். “அஞ்சு மணிக்குக் கெளம்பும். வாராவாரம்.”

அக்டோபர் 19ஆம் தேதி, டாக்டர் முன் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்: பதிவில் நான் ஓர் எண்ணைத் தவறாக எழுதி, அதனால் ஓர் ஏழையின் நிலம் போய்விடுமோ என்ற பயம்தான் என்னைத் தின்றது. சொல்லும்போதே அழுதுவிட்டேன். மறுநாள் முகத்தில் வெயில் பட்டுத்தான் கண் விழித்தேன். குழந்தைகள் சத்தம் போடாமல் கதவோரம் நின்றிருந்தார்கள்.

சிவகாமி நேர்ந்துகொண்டது தூக்கத்துக்காக. அம்மன் முதலில் நான் கேட்ட நேரத்தைக் கொடுத்தாள். தூக்கம் அதன் பின்னால் வந்தது. அன்று முதல் எந்த வேலைக்காகவும் வெள்ளிக்கிழமை மாலையை நான் விட்டுக்கொடுத்ததில்லை. மருந்தை நிறுத்திவிட்டுக் கும்பிடுங்கள் என்று சொல்லவில்லை. மருத்துவரிடம் போகவும் வழி விடுபவள் அவள்தான். தயங்காமல் கேளுங்கள்.

அந்த அதிகாரி மறு வருஷம் மாற்றலாகிப் போனார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் வெல்லம் விற்பவர் சொன்னார்: “ஒங்க ஆபீஸ் ஐயா வீட்டம்மா வருஷக்கணக்கா எங்கிட்டதான் வெல்லம் வாங்குனாங்க.” வீட்டைவிட்டுப் போன மகனுக்காக என்று சிலர் சொல்கிறார்கள். விசாரித்தேன், உறுதிப்படவில்லை. அவன் திரும்பினானா என்பதும் தெரியவில்லை. நான் வைக்கும் வெல்லத்தில் ஒரு கட்டி அவர்களுக்காக.