குனிவதற்கு ஒரு கணக்கு

நெல் மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து மல்லாக்க விழுந்து இரண்டு வருடம் ஆகியும் நான் குனியவில்லை. செருப்பு கழன்று கிடந்தால் காலால் தடவித்தான் மாட்டுவேன். காலையில் மனைவி பழைய சாரன் துண்டால் இடுப்பை இறுக்கிக் கட்டிவிட்டால்தான் பாயை விட்டு எழும்புவேன். பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் மரைக்கார் எனக்காகப் பின்வரிசையில் ஒரு கதிரை போட்டிருந்தார். தொழுகையில் எல்லாரும் ருகூவுக்குக் குனியும்போது நான் அதில் உட்கார்ந்து தலையை மட்டும் அசைப்பேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயதுதான்.

அந்த மாரி மழைக்காலத்தில் வாப்பாவுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டத் தொடங்கியது. தங்கச்சி வீட்டில்தான் படுத்திருந்தார். ஒரு நாள் என் கையைப் பிடித்தார்.

"மனே, நான் மவுத்தானா நீதான் குழிக்குள்ள எறங்கி என்ன வாங்கணும்."

மூத்த மகன் கபுறுக் குழிக்குள் இறங்கி மையத்தை, இறந்தவரின் உடலை, கையில் ஏந்தி வைப்பது எங்கள் வீட்டு வழமை. "ஓம் வாப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இடுப்பளவு குழிக்குள் நின்று, தரை வரைக்கும் குனிந்து, ஒரு ஆளின் பாரத்தைக் கையில் தாங்க வேண்டும். செருப்பை எடுக்க ஏலாதவன் வாப்பாவை எப்படி வாங்குவது?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி கிறிஸ்தவ வேதக்காரர், வயசாளி, அதிகம் கதைக்காத மனிதர். முள்ளந்தண்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"எலும்பெல்லாம் எப்பவோ பொருந்திற்று தம்பி. இப்ப பயந்தான் உங்கள இறுக்கிப் பிடிச்சிருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நான் நடிக்கிறனா ஐயா?"

"நோவு உண்மை. அத நான் பொய்யெண்டு சொல்லல்ல. ஆனா நோகுற நேரமெல்லாம் முதுகு உடையுதெண்டு நீங்க நினைக்கிறீங்க. அதுதான் பிழை. நாளைக்கு எத்தின தரம் குனியிறதெண்டு இண்டைக்கே முடிவெடுங்க. நொந்தாலும் குறைக்காதீங்க, சுகமா இருந்தாலும் கூட்டாதீங்க. நோவு வந்தா மூச்ச மெதுவா விட்டு, 'வந்திட்டியா, சரி, இரி' எண்டு சொல்லிட்டு உங்கட வேலயப் பாருங்க."

இந்த மனிதனுக்கு விசர் என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன். ஆனால் வேறு கதியில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்புக் கட்டை அவிழ்த்து, மூன்று தரம் குனிந்தேன். மூன்றாம் தரம் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு கிழமை கழித்து உடம்பு கொஞ்சம் லேசாக இருந்தது. உடனே எனக்குத் தலைக்கனம். இருபது தரம் குனிந்து, கிணற்றில் நாலு வாளி தண்ணீரும் இழுத்தேன். மூன்று நாள் எழும்ப முடியவில்லை. வாப்பாவுக்கு மூச்சு இன்னும் மோசம் என்று தங்கச்சி ஆள் அனுப்பினாள். படுத்துக்கொண்டே அழுதேன். பிறகு திரும்பவும் மூன்றிலிருந்து தொடங்கினேன். ஐந்து, ஆறு, ஏழு. நோவு போகவில்லை, ஆனால் அது வந்தால் நான் முந்தி மாதிரி நடுங்கவில்லை.

இதற்குள் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லவேண்டும். வீட்டில் ஏழு தரம் குனிகிறவன் பள்ளியில் அதே கதிரையில்தான் உட்கார்ந்தேன். எழும்பி நின்றால், 'இவ்வளவு நாளும் நடிச்சிருக்கான்' என்று ஊர் கதைக்கும் அல்லவா? அந்த வெட்கத்துக்குப் பயந்து தொழுகையிலேயே கள்ளம் செய்தேன். சீ, என்ன மனிதன் நான்! ஒவ்வொரு தொழுகையிலும் நாளைக்கு எழும்புவேன் என்று நினைப்பேன். எழும்பமாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் வாப்பா போய்விட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்குப் பெட்டியில் வைத்துக் கடற்கரைப் பக்கத்து மையவாடிக்குத் தூக்கிப்போனோம். மழை ஈரத்தில் குழியின் ஓரமெல்லாம் மணல் சரிந்துகொண்டிருந்தது. நான் குழியருகே போனதும் மரைக்கார் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார்.

"உங்களுக்கு ஏலா. உங்கட தம்பி எறங்கட்டும்."

என் தம்பி சாரனை மடித்துக் கட்டத் தொடங்கிவிட்டான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. மரைக்காரின் கையை விலக்கினேன்.

"விடுங்க. அவர் என்னத்தான் கேட்டவர்."

மணலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தம்பி கால்மாட்டில் இறங்கினான். மேலிருந்து வாப்பாவைத் தந்தார்கள். என் கையில் பாரம் விழுந்ததும் இடுப்பிலிருந்து குதிக்கால் வரை நோவு இழுத்தது. 'வந்திட்டியா, சரி, இரி' என்றேன். மூச்சை விட்டுக்கொண்டே குனிந்தேன். தரையில் வைத்து, கபன் துணியின் கட்டை அவிழ்த்து, முகத்தைக் கிப்லாத் திசைக்குத் திருப்பி, கன்னத்தை மண்ணில் வைத்தேன்.

"குனியிறாரே!" மேலே மரைக்காரின் குரல். "அப்ப இவ்வளவு நாளும் கதிரையில இருந்தது?"

வாப்பாவுக்கு மேல் சாய்வாகப் பலகைகளை அடுக்கி முடித்து நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. மரைக்கார்தான் கையை நீட்டினார். பிடித்து ஏறினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது.

"நோகுதா?"

"ஓம், நோகுது" என்றேன். "மண்ணத் தள்ளுங்க."