எண்ட்ஸோனில் நசிந்த எழுத்து

எழுத்து கோணலாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. தொழிலால் வந்த வியாதி. பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் செய்த ஆஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, விளம்பரப் பலகைத் தொழிலில்தான். கடைப் பெயர், வைத்தியரின் வாசல் பலகை, வான் வண்டிக் கதவில் ஒட்டும் எழுத்து எல்லாம் என் கையால் போகும். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்துக்குள் நடந்தால் நான் கடைகளைப் பார்ப்பதில்லை. எழுத்துகளுக்கு இடையில் விட்ட இடைவெளியைப் பார்த்து மனதுக்குள் திட்டிக்கொண்டு போவேன். ஒருமுறை கோயில் திருவிழாப் பதாகையில் ஓர் எழுத்து மற்றதன் மேல் ஏறி நிற்பதைக் கண்டு, சாமி கும்பிடாமலே திரும்பி வந்தேன். அம்மா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

தம்பி அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடப் போனபோதும் எனக்கு விளையாட்டில் மனம் ஒட்டவில்லை. ஆளை ஆள் முட்டி விழுத்துவதை என்னவென்று பார்ப்பது? என் கண்ணில் பட்டது மைதானத்தின் இரண்டு முனைகளும்தான். ஒவ்வொரு முனையிலும் மைதானத்தின் முழு அகலத்துக்கும் ஒரு பட்டை கிடக்கும். அதற்குப் பெயர் எண்ட்ஸோன். பந்தோடு அதற்குள் போய்ச் சேர்ந்தால் புள்ளி. பெரிய கழகங்கள் அந்தப் பட்டையில் தங்கள் பெயரைப் பெரிதாக எழுதி வைக்கும். எங்கள் ஊர்க் கழகத்தில் வெறும் புல்தான் இருந்தது. இவ்வளவு பெரிய பலகையைச் சும்மா விட்டிருக்கிறார்களே என்று எனக்குக் கை அரித்தது.

அந்த வருடமே எழுதத் தொடங்கினேன். தம்பிதான் கூட நின்றான். பலகை எழுதுவது போல அல்ல இது. முதலில் முளை அடித்து நூல் கட்ட வேண்டும். நான் ஒரு முனையில், அவன் ஐம்பது மீற்றருக்கு அப்பால் மற்ற முனையில். "இழு" என்பேன், இழுப்பான். "விடு" என்பேன், விடுவான். நூலோடு நூலாகக் கோடு போட்டு, பிறகு உள்ளே வெள்ளைச் சாயம் விசிற வேண்டும். புல்லுக்குக் கெடுதி செய்யாத சாயம். இரண்டு முறை புல் வெட்டினால் போய்விடும். அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பவும் முதலிலிருந்து. "போறதுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு மினக்கெடுறாய்?" என்று அம்மா கேட்பார். சமைக்கிற சாப்பாடும் போகிறதுதானே என்று வாய்க்குள் முணுமுணுப்பேன்.

உண்மையில் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை மாலைகள்தான் வேண்டியிருந்தன. தம்பி வளர்ந்து, வேலைக்குப் போய், தனி வீடு எடுத்த பிறகு, நாங்கள் இருவரும் பேசியது அந்த நூலின் இரண்டு முனைகளில் நின்றுதான். கிட்ட நின்றால் அவன் வாய் திறக்க மாட்டான். ஐம்பது மீற்றர் தள்ளி நின்றால் எல்லாம் சொல்லுவான். ஒரு பெண்பிள்ளையை விரும்புகிறேன் என்பதை அவன் முதலில் கத்திச் சொன்னது அங்கேதான். "அக்கா, அம்மாக்கு நீங்கள்தான் சொல்ல வேணும்" என்று எதிர்முனையிலிருந்து கூவினான். நூல் என் கையில் தொய்ந்து, அன்றைக்கு ஒரு கோடு வளைந்தே போனது. நான் எழுதியதில் கோணலென்று தெரிந்தும் திருத்தாமல் விட்ட ஒரே கோடு அது.

எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மைதானத்தில் பெரிய பார்வையாளர் மாடங்கள் இல்லை. எண்ட்ஸோனின் பின்கோட்டுக்கு அப்பால் ஒரு புல்மேடு. சனம் அதில்தான் விரிப்புப் போட்டு இருக்கும். அம்மாவும் அவருடைய சிநேகிதிகளும் ரோல்ஸ் பெட்டியோடு வந்து இருப்பதும் அங்கேதான். நிலத்தில் படுத்துக் கிடக்கும் எழுத்தைத் தாழ்ந்த மேட்டிலிருந்து பார்த்தால் அது நசிந்து தெரியும். ஆகவே எழுத்தின் உயரத்தை நீட்ட வேண்டும். படுக்கைக் கோடுகளை நிமிர்ந்த கோடுகளைவிட நன்றாகத் தடிக்க வைக்க வேண்டும். கிட்ட நின்று பார்த்தால் பேய் எழுத்தாக இருக்கும். மேட்டிலிருந்து பார்த்தால் நிமிர்ந்து நிற்கும். எழுதி முடித்ததும் நான் மேட்டுக்கு ஓடிப்போய் அம்மாவின் இடத்தில் இருந்து பார்ப்பேன். தம்பி அதற்குள் முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவன் விளையாட்டை விட்டுக் கழகத்தின் நிர்வாகத்துக்குள் போனான். பொர்ஸ்டாண்டில், அந்த நிர்வாகக் குழுவில், ஒரு தமிழ்ப் பெடியன் என்று அம்மாவுக்கு ஒரே புளுகம், சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. கழகம் ஒரு பிரிவு மேலே ஏறியது. ஆட்டங்களை இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். மேலே ட்ரோன் பறந்தது.

இந்த வருடம் பனி முடிகிற காலத்தில் தம்பி தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, எண்ட்ஸோன் எழுத்து ஃபைலாக இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"பிள்ளையின்ரை பிறந்தநாளுக்கு ஒரு ரி-சேர்ட் அடிக்கப் போறன். கழகத்தின்ரை பேர் போட்டு. அனுப்பி விடுங்கோ."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவனுடைய மகளுக்கு ஆறு வயதாகப் போகிறது. என் எழுத்து அந்தக் குஞ்சு நெஞ்சில் இருக்கப் போகிறது என்றால் சும்மாவா அனுப்புவது? மைதானத்து எழுத்தை அப்படியே துணியில் போட்டால் ஒட்டகச்சிவிங்கி போல இருக்கும். துணியில் இருப்பது நேரே பார்க்கும் எழுத்தல்லவா. ஆகவே உயரத்தைக் குறைத்தேன். எல்லாக் கோடுகளையும் ஒரே தடிப்பாக்கினேன். குழந்தைக்கு என்பதால் எழுத்தின் மூலைகளையெல்லாம் உருட்டி விட்டேன். நூல் பிடித்து எழுதும்போது மூலை உருட்ட ஏலாது, கணினியில் முடியும். சமையலை அடுப்பில் விட்டுவிட்டு அதில் இருந்தேன். பருப்பு அடிப்பிடித்தது. "சந்தோசம் அக்கா" என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு இதயப் படம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம் என்றால் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். அழைப்பிதழ் தபாலில் வந்தால் காணாது. ஹனோவரில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். தொலைபேசியில் மட்டும் சொன்னார்கள் என்று அம்மா சேலையை எடுத்து வைத்தும் போகவில்லை. இந்த வந்து சொல்கிற விளையாட்டைப் பற்றி நானும் தம்பியும் எத்தனையோ முறை பகிடி பண்ணிச் சிரித்திருக்கிறோம். எங்களுக்குள் அதெல்லாம் இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் முதல் ஆட்டத்துக்கு முன் வியாழக்கிழமை அவன் தொலைபேசி எடுப்பான். "நாளைக்கு வாறியளோ அக்கா?" அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு வேண்டியதில்லை.

இந்த வருடம் எடுக்கவில்லை. பொறுப்பு கூடிவிட்டது, பாவம், மறந்திருப்பான் என்று நானே அவனுக்காகச் சாட்டுச் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சாய வாளி, முளைகள், நூல் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

எண்ட்ஸோன் எழுதி முடிந்திருந்தது.

சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மைதானத்தைப் பராமரிக்கும் மனிதர் என்னைக் கண்டதும் ஆச்சரியப்பட்டார். மத்தியானம் ஒரு கொம்பனியின் யந்திரம் வந்ததாம். ஆள் கைவைக்கத் தேவையில்லையாம், ஃபைலைக் கொடுத்தால் தானே உருண்டு உருண்டு எழுதுமாம். அவர் கோப்பி குடித்து முடிக்கும் முன் ஒரு பக்கம் முடிந்துவிட்டதாம். "உங்கள் தம்பி நின்றார். உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்?" என்று ஜெர்மனில் கேட்டார். தெரியும் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

கயிறு ஓரமாக நடந்து பார்த்தேன். யந்திரம் வந்ததற்கு எனக்குக் கோபமில்லை. நான் பலகைத் தொழில் செய்பவள், தூரிகை போய் வெட்டும் யந்திரம் வந்ததைக் கண்டவள். முதல் எழுத்தின் மூலையில் என் கால் நின்றுவிட்டது. மூலை உருண்டிருந்தது. அடுத்த எழுத்தும் அப்படித்தான். எல்லா மூலைகளும் வழுவழுவென்று, ஒரு குழந்தையின் நெஞ்சுக்காக நான் உருட்டிய மூலைகள், ஐம்பது மீற்றர் அகலத்துக்குப் புல்லில் கிடந்தன. ரி-சேர்ட் என்று ஒன்று இருந்ததே இல்லை. என்னிடம் நேரே கேட்டால் என்ன நினைப்பேனோ என்று, தன் பிள்ளையை முன்னால் நிறுத்தி வாங்கியிருக்கிறான். வாளிகளைத் திரும்பக் காரில் ஏற்றினேன். நூற்கண்டு உருண்டு காருக்கு அடியில் போனது. அதைக் குனிந்து எடுக்கும்போது அழுதேன். யாரும் பார்க்கவில்லை, நல்லது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தேன். அம்மாவைக் கூட்டிப்போக வேறு ஆளில்லை. புல்மேட்டில் விரிப்பைப் போட்டு இருந்ததும் அம்மா கண்ணைச் சுருக்கிக் கீழே பார்த்தார்.

"என்ன பிள்ளை, இந்தமுறை எழுத்து நசிஞ்சு கிடக்கு? உனக்குச் சுகமில்லையே?"

நசிந்துதான் கிடந்தது. நேரே பார்க்க எழுதியது படுத்துக் கிடந்தால் வேறு எப்படித் தெரியும்? எட்டு எழுத்தும் யாரோ ஏறி மிதித்துவிட்டுப் போனது போல இருந்தன. பக்கத்து விரிப்பில் இருந்த ஜெர்மன்காரர் தன் மனைவியிடம் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் எழுதவில்லை என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மிச்சமும் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அலறியது. ஒவ்வொரு வருடத்தையும் போல இந்த வருடமும் எங்கள் எண்ட்ஸோனை அழகாக எழுதித் தந்த, நிர்வாகக் குழு உறுப்பினரின் சகோதரிக்கு நன்றி என்று அறிவிப்பாளர் சொன்னார். சனம் கை தட்டியது. அம்மாவும் தட்டினார், கொஞ்சம் யோசித்துவிட்டு. என் முகத்தில் கரி பூசிவிட்டு அதற்குக் கைதட்டலும் வாங்கித் தந்திருந்தான் என் தம்பி.

இடைவேளையில் அவன் மேட்டுக்கு ஏறி வந்தான். கழுத்தில் அட்டை தொங்கியது. அம்மாவிடம் ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்துக்கொண்டு, என்னைத் தள்ளிக் கூட்டிப்போனான்.

"அக்கா, கோவிக்காதைங்கோ. கொம்பனி சும்மா செய்து தாறம் எண்டவங்கள். நீங்கள் கவலைப்படுவியள் எண்டுதான் சொல்லேல்லை."

"அந்நிய ஆக்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய்."

"நீங்கள் எங்கடை வீட்டு ஆள்தானே. உங்களுக்கு என்ன தனியச் சொல்லுறது?"

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கசந்தது. வீட்டு ஆள் என்றால் கேட்காமல் எடுக்கலாம், பொய் சொல்லியும் எடுக்கலாம் என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

அவன் கீழே பார்த்தான்.

"ட்ரோனிலை நல்லாத்தான் இருக்கு. இங்கையிருந்து ஏன் இப்படித் தெரியுது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் நூல் பிடித்தவனுக்கு எழுத்தை நீட்டுகிறேன் என்பதே தெரியாது. அவன் ஒரு நாளும் மேட்டில் ஏறிப் பார்த்ததில்லை. பார்க்க வா என்று நானும் கூப்பிட்டதில்லை, தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

"நான் மைதானத்துக்கு எண்டு செய்யேல்லை, தம்பி."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அப்ப மற்ற ஃபைலையும் அனுப்புவியளோ? அடுத்த ஆட்டத்துக்கு?"

நான் அம்மாவிடம் போய் இருந்தேன்.

அடுத்த ஆட்டத்துக்கும் அதே உருண்ட மூலைகள்தான், அதே நசிவுதான். நான் போகவில்லை. அம்மா ரயிலில் வந்த ஒரு சிநேகிதியோடு போய்வந்து சொன்னார். "தம்பியோடை கோவம் வைக்காதை, என்ன இருந்தாலும் ஒரு வயித்துப் பிள்ளையள்" என்றார். என்ன நடந்தது என்று நான் அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

தம்பி மகளின் பிறந்தநாள் கிட்டி வந்தபோது அவனும் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். முறைப்படி சொல்ல. தட்டில் கேக்கும் வாழைப்பழமும் இருந்தன. "மச்சாள், வாற சனிக்கிழமை மண்டபத்திலை. நீங்கள்தான் முன்னுக்கு நிக்க வேணும்" என்றாள் அவன் மனைவி. நல்ல பிள்ளை, அவளில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தேநீர் கொடுத்துவிட்டு, அறைக்குள் போய் ஒரு பையை எடுத்துவந்து தம்பியின் கையில் கொடுத்தேன்.

அவன் விரித்தான். ஆறு வயதுப் பிள்ளையின் அளவில் ஒரு ரி-சேர்ட். நெஞ்சில் கழகத்தின் பெயர், எழுத்துகள் நிமிர்ந்து, மூலைகள் உருண்டு, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தன. நான் வேலை செய்யும் பட்டறையில் நானே அடித்தது.

"என்ன வடிவு" என்றாள் அவள். "ஏன் மச்சாள் வீணாக?"

"தம்பிதான் கேட்டவன். பனிக்காலத்திலேயே கேட்டவன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

அவன் நிமிரவில்லை. காது மடல் சிவந்திருந்தது. துணியை மடிக்கத் தொடங்கினான், சரியாக வரவில்லை. பிறகு பழக்க தோசத்தில் ஒரு பக்கத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தை என்னை நோக்கி நீட்டினான், அந்த வெள்ளிக்கிழமைகளில் நூல் முனையை நீட்டுவது போல.

நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.