என் லொகினில் போன கடிதம்

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தமிழ்க் கடிதங்கள் அடிப்பது என் வேலை. என் பெயரில் லொகின் செய்தால் போதும், எனக்கென்று இருக்கும் கோப்பு தானாகத் திறந்து, நான் பழகியதையெல்லாம் கொண்டுவந்துவிடும். தமிழ் விசைப்பலகை, எழுத்தின் அளவு, தோட்டத்துக் கடிதத் தலைப்பு, கடைசியில் 'தட்டச்சு' என்று போட்டு என் பெயர். அந்தப் பெயரை வர வைத்தது நான்தான். தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே என்ற திமிர்.

பெரிய கிளாக்கருக்கும் சொந்த லொகின் உண்டு. அதில் போனால் ஆங்கில எழுத்து மட்டும்தான் வரும். அதைச் சரிபண்ணிக்கொள்ள அவருக்குச் சோம்பல்.

"ஒன் பாஸ்வேர்ட எழுதிக் குடு புள்ள, அவசரத்துக்கு ஆகும்."

தோட்டத்தில் பெரிய கிளாக்கர் கேட்டு யாரும் முடியாது என்று சொன்னதில்லை. என் அப்பா அவரைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். நானும் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். மடச்சி!

நான் லீவு போட்டுப் பதுளைக்குப் போயிருந்த ஒரு நாள், என் லொகினுக்குள் புகுந்து ஒரு கடிதம் அடித்து, தோட்டத்தை நடத்தும் துரையிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் பெரியம்மா அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆயுசு முழுக்கக் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். இனி அந்த வீட்டிலிருந்து யாரும் வேலைக்கு வரப்போவதில்லை என்பதால், மாத முடிவுக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. கீழே என் பெயர்.

"பக்கத்துலயே இருந்து கழுத்தறுத்துட்டியேடி! ஒனக்கு நான் என்னா பாவம் பண்ணேன்?"

லயமே வேடிக்கை பார்த்தது. வாளியைப் போட்டது போட்டபடி ஆபீசுக்கு ஓடினேன்.

"நான் இல்லாத நேரம் எம் பேர்ல எப்பிடிங்க ஐயா அடிச்சீங்க?"

"பேரு தானா வந்து விழுது. அதுக்கு நான் என்னா செய்ய?" தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அந்தக் கோப்பையைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

அவர் கண்முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு துரையிடம் போய், நான் அன்றைக்கு லீவு என்று சொல்லி, கடிதத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கையெழுத்து என்னுது. யாரு டைப் பண்ணா என்ன?" என்றார் துரை. அத்தோடு முடிந்தது.

சாயந்தரம் பெரியம்மாவின் காம்பராவுக்குப் போனேன். அவர் புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் அடிக்கல பெரியம்மா. என் லொகின்ல யாரு போனாலும் எம் பேரு வந்துரும்."

"அந்தாளு எப்பிடிப் போனான்?"

"நான்தான் பாஸ்வேர்ட குடுத்தேன்."

"எதுக்குக் குடுத்த?"

"பயந்துக்கிட்டுத்தான்."

அவர் மூட்டையை முழங்காலால் அழுத்தி முடிச்சுப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பயப்படுறதுக்கு நாங்க போதாதா? நீ எதுக்குடி படிச்ச?"