கோமளாவின் மேசையில் ஐந்து கணினிகள்

செவ்வாய்க்கிழமை காலை கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். கோமளாவின் தம்பி சேகர் அழைத்தார்.

"வாசுகி அக்கா, அக்கா போயிட்டாங்கக்கா. காலையில எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல. டோக்டர் வந்து பாத்துட்டு ஹார்ட்டுன்னு சொன்னாரு."

காஜாங் வீட்டுக்கு வரச் சொன்னார். வருகிறேன் என்றேன். ஆனால் ரயிலிலிருந்து இறங்கி, வழக்கம்போல பிரிக்பீல்ட்ஸ் கடைக்குத்தான் நடந்தேன். ஷட்டரைத் தூக்கினேன். விசிறியைப் போட்டேன். என் மேசையையும் அவள் மேசையையும் துடைத்தேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அண்ணன் தினமும் போல இரண்டு தே தாரிக் கொண்டுவந்து வைத்தார். "கோமளா இன்னும் வரலியா?" என்று கேட்டார்.

"இன்னும் வரலண்ணே" என்றேன்.

அவர் போய்விட்டார். என்னுடைய தேநீரைக் குடித்தேன். அவளுடையதில் ஆடை படியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் கடையை மூடிவிட்டு காஜாங்குக்குப் புறப்பட்டேன். அங்கே ஒரு பெண் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் அழவில்லை. இதை எழுதும் இன்றுவரை அழவில்லை. அது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

கோமளாவிடம் கணினியைக் கொடுத்துச் சரிசெய்து வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கடையின் முன்பாதி அவளுடையது, பின்பாதி என்னுடையது. நான் கடிதம், பத்திரம் மொழிபெயர்ப்பவள். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல இருந்தது. ஆகவே அவள்.

எங்கள் பழக்கம் ஒரு நாசத்தில் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பழைய ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்களைத் தேடிப்போய் அவர்கள் கதையைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். பத்தொன்பது பேருடைய குரல்கள் என் கணினியில் இருந்தன. ஒருநாள் அது எழும்ப மறுத்தது. கம்பெனிச் சின்னம் வரும், திரை கறுக்கும், மறுபடி சின்னம் வரும். இதையே செய்துகொண்டிருந்தது. ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே வேலை பார்த்தவள் கோமளா. மூன்றாம் நாள் கணினி புதிதுபோல வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அன்று மாலையே கிள்ளானில் என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். பில்லில் இருந்த முகவரியைப் பார்த்து வந்திருக்கிறாள்.

"மேடம், நான்தான் அழிச்சேன். உங்ககிட்ட வேற காப்பி இருக்கும்னு நெனச்சு, கேக்காம ஃபோர்மட் பண்ணிட்டேன். டிஸ்க் முன்னாடியே செத்துப்போச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. எனக்கு வாய் வரல."

நான் கதவைச் சாத்தினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாள். அந்தக் கடையில் அவளுக்கு வேலை இல்லை என்று ஆகியிருந்தது. அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

"திரும்பப் போய் கேக்கலாம் மேடம். சனிக்கிழமை சனிக்கிழமை நான் வரேன். ரெக்கார்டர் நான் பிடிக்கிறேன், நீங்க பேசுங்க."

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் போனோம். ஏழு மாதம் சனிக்கிழமைகளில் அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். பத்தொன்பது பேரில் மூவர் அதற்குள் இறந்திருந்தார்கள். அந்த மூன்று வீட்டு வாசலிலும் கோமளா உள்ளே வராமல் வெளியிலேயே நின்றாள். அந்த மூன்று குரல்களும் போனது போனதுதான். அதை அவள் ஒருநாளும் சமாதானம் சொல்லி மழுப்பியதில்லை.

பங்சாரில் ஒரு மூதாட்டி இருந்தார். யாழ்ப்பாணத் தமிழர். அவருடைய தகப்பனார் ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். முதல் முறை எனக்கு வெகு மரியாதையாக, எல்லாம் நல்லபடி நடந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லியிருந்தார். மறுபடி எங்களைக் கண்டதும், "என்ன பிள்ளையள், எல்லாம் அண்டைக்கே சொன்னனான்தானே. ஏன் திரும்ப வந்தனீங்கள்?" என்றார்.

நான் ஏதோ பூசி மெழுகப் போனேன். கோமளா முந்திக்கொண்டாள்.

"நீங்க சொன்னத நான் அழிச்சிட்டேன் ஆன்டி. என் தப்புதான்."

மூதாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப நல்லது. அண்டைக்குச் சொன்னதில பாதி பொய். இந்த முறை உள்ளதைச் சொல்லுறன்."

தண்டவாளக் கூலி ஒருவரின் மகனைக் கட்டிக்கொண்டு போன தங்கையைப் பற்றி அன்று சொன்னார். தகப்பனார் கடைசிவரை அந்தத் தங்கையை வீட்டுக்குள் விடவில்லை. தகப்பனாரின் சாவுக்கு வந்தவளைக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பியது தான்தான் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். திரும்பும்போது கோமளா வண்டியை இருமுறை தப்பான சந்தில் விட்டாள். அவள் என்னை 'மேடம்' என்று கூப்பிட்ட கடைசி நாள் அதுதான். மறு சனிக்கிழமை 'வாசு' ஆகிவிட்டேன்.

இருவரும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் கடையை எடுத்தபின் அவள் எந்தக் கணினியையும் இந்தக் கேள்வி கேட்காமல் தொட்டதில்லை: "உள்ள என்ன இருக்கு?" பதில் வந்தால்தான் திருகாணி கழற்றுவாள். அதை லேபிளிலும் எழுதி ஒட்டுவாள்.

காப்பாரிலிருந்து ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி நின்றது. தொடங்குவதற்கு எதுவும் அகப்படவில்லை என்று அர்த்தம்.

"ஃபோர்மட் பண்ணிடு லா, எனக்கு அவசரம்" என்றார்.

"உள்ள என்ன இருக்கு அண்ணே?"

"ஒன்னும் இல்ல. என் சம்சாரம்தான் யூஸ் பண்ணுவா."

"அப்ப அவங்கள கேட்டுட்டு வாங்க."

அவருக்குக் கோபம். இருந்தாலும் மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "என் நோட்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு. நான் எஸ்பிஎம் எழுதப் போறேன்" என்றார். பள்ளி முடிக்கும் பிள்ளைகள் எழுதும் பரீட்சை அது. அவருக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கணவர் திரும்பிப் பார்த்தார். "நீயா? எப்பத்திலேருந்து?" என்றார். கோமளா தலையைக் குனிந்துகொண்டு கணினியின் பக்கவாட்டை ஆராய்ந்தாள். யாரோ குத்திவிட்டு மறந்த ஒரு சின்னப் பென்டிரைவ் அங்கே இருந்தது. கணினி அதிலிருந்து தொடங்கப் பார்த்து, முடியாமல் நின்றிருக்கிறது. உருவிவிட்டு விசையை அழுத்தினாள். எழுந்துவிட்டது. வெளியே போகும்போது மனைவியின் பையையும் கணினியையும் கணவரே தூக்கிக்கொண்டு போனார்.

"வயரெல்லாம் கழட்டிட்டுப் பாரு. அப்புறம் பயப்படு" என்று என்னிடம் சொல்வாள். இன்னொன்றும் சொல்வாள்: "டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வந்தா அடிச்சு எழுப்பாத. நிப்பாட்டு."

அவள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு லேட்டாதான் வருவேன் வாசு. டோக்டர்கிட்ட போகணும்" என்றாள். சரி என்றேன். நான் ஒரு பிறப்புப் பத்திரத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு டாக்டர் என்று கேட்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அவள் மேசையில் ஐந்து கணினிகள் இருந்தன. எட்டாம் நாள் காரியம் முடிந்ததும் லேபிளைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தேன். ஒருவர் ஐயோ என்றார். ஒருவர், "அப்ப என் கம்ப்யூட்டர் என்னாச்சு?" என்று கேட்டார். எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. அன்று என்னிடம் மற்றவர்கள் கேட்ட கேள்விகளில் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான். நால்வரும் வந்து எடுத்துப் போனார்கள்.

ஐந்தாவது ஒரு பழைய கறுப்பு மடிக்கணினி. லேபிளில் தொலைபேசி எண் இல்லை, பெயர் இல்லை. கோமளாவின் கையெழுத்தில் இவ்வளவுதான்: 'பெரியவர். கிள்ளான் பஸ். அவசரம் இல்லை என்றார். உள்ளே: மகளின் படங்கள்.'

விசையை அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே அந்த டிக் டிக். உடனே நிறுத்தினேன். மறுநாள், அவள் எனக்குக் காட்டித் தந்தபடி, அவளுடைய பென்டிரைவைக் குத்தி அதிலிருந்து தொடங்கினேன். வேறொரு திரை வந்தது. எதையும் சரிசெய்ய முயலவில்லை. படங்களை வெளியே எடுப்பதை மட்டும் செய்தேன். கொஞ்சம் எடுப்பது, ஆறவிடுவது, மறுபடி கொஞ்சம் எடுப்பது. நான்கு நாள் ஆயிற்று. எந்தப் படத்தையும் திறந்து பார்க்கவில்லை.

கோமளாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு வேலையைத்தான். அவளுடைய கருவிகளைச் சேகர் கொண்டுபோய்விட்டார்.

பெரியவரே, இதை நீங்கள் வாசித்தால், அல்லது உங்களைத் தெரிந்தவர் யாராவது வாசித்தால், பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு வாருங்கள். முன்பாதியில் ஆள் இல்லை, பின்னால் நான் இருப்பேன். பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன. ஒரு பகுதி மட்டும் வரவில்லை. எந்தெந்தத் தேதிப் படங்கள் என்று நான் உட்கார வைத்துச் சொல்கிறேன். அவசரம் இல்லை என்று நீங்கள் சொன்னதாக எழுதியிருக்கிறாள். இருந்தாலும் கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள், ஐயா.